முடிச்சுப் போட்ட நிழல்

கிட்ட வாங்க, கண்ணுங்களா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்தாலும் பரவாயில்லை. ஊரே ஒதுக்கி வைத்த இரண்டு சின்னப் பெண்களின் கதை ஒன்று சொல்லப் போகிறேன். பயம் வந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பெரியவர்களுக்கும் இடம் உண்டு.

அன்றைக்கு மூன்று மணி தாண்டியிருக்கும். தையற்கடையின் பின்னறையில், மெஷின் எண்ணெயும் கஞ்சி போட்ட துணியும் சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து அடிக்கிற வாசனைக்கு நடுவே, பதினொரு வயதுப் பெண் ஒருத்தி பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மேற்குப் பக்க ஜன்னல் வழியாக வெயில் மேசைமேல் சாய்ந்து கிடந்தது. அந்த வெள்ளைத் துணியில் விழுந்த தன் கையின் நிழலில் விரல்கள் அதிகமாக இருப்பதை அவள் பார்த்தாள்.

எண்ணினாள். அவளுடையவை ஐந்து, ஒல்லியாக, நீளமாக. அவற்றின் பக்கத்தில் இன்னொரு ஐந்து, குட்டையாக, கொழுகொழுவென்று. கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒல்லி விரல்கள் உடனே திரும்பின. குட்டை விரல்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பின.

பின்னால் யாரோ நின்று விளையாட்டுக் காட்டுகிறார்கள் என்று நினைத்துச் சட்டென்று திரும்பினாள். கயிற்றில் வரிசையாகத் தொங்கிய சட்டைகளைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"ஊசி!" என்று முன்கடையிலிருந்து குரல் வந்தது. கடைக்காரி அக்காதான். "இந்த மூட்டையைப் பள்ளிக்கூடத்துல குடுத்துட்டு, அப்படியே லைனிங் துணி வாங்கிட்டு வரேன். வர ஏழு மணி ஆகும். அதுக்குள்ள அந்த நாற்பது சட்டையும் முடிஞ்சிருக்கணும். திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது, தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"பொத்தான் எங்கடி?"

"மாடியில துணி காயப்போடறா."

"ஒரு மணி நேரமாவா? துணி காயுதா, இவ காயறாளா? வந்தா இஸ்திரியைப் பாக்கச் சொல்லு. அப்புறம், போன வாரம் மாதிரி என் ஜாக்கெட் கையை ஒட்டிவச்சு விளையாடினீங்கன்னா ரெண்டு பேர் காதையும் சேர்த்துத் தைச்சுடுவேன்."

அக்கா இப்படித்தான். வாய் கத்தரிக்கோல். ஆனால் அந்த ஊரில் இந்த இரண்டு பெண்களுக்கும் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்தது அந்தக் கத்தரிக்கோல் வாய் ஒன்றுதான். பெயர் வைத்தவளும் அவள்தான். ஒல்லியானவள் ஊசி, உருண்டையானவள் பொத்தான். "ஒண்ணு குத்தும், இன்னொண்ணு உருண்டு ஓடும். எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்குங்க பாரு!" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். வருகிறவர்கள் சிரிக்கமாட்டார்கள். அளவு கொடுத்துவிட்டு, அந்தப் பெண்கள் கை படாமல் துணி தைத்துத் தரச் சொல்வார்கள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அக்கா அதே துணியைப் பின்னறைக்கு அனுப்பிவிடுவாள்.

ஊர் அவர்களைச் சூனியக்காரி என்றது. அதில் பொய்யும் இல்லை. ஊசிக்கு எதையும் மூட வரும். கிழிந்த துணி, விரிசல் விட்ட கோப்பை, வெட்டுப்பட்ட விரல் என்று எதுவானாலும் அவள் நூலைக் கோத்து இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பியது எதனால் தெரியுமா? தினமும் அவள் தலையில் குட்டுகிற வாத்தியாரின் கால்சட்டை ஒருநாள் வகுப்பிலேயே இரண்டு காலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டது. பாவம், தலைமையாசிரியை அறை வரைக்கும் தவளை மாதிரி குதித்துக் குதித்துப் போனார். பொத்தானுக்கு அவிழ்க்க வரும். அவள் கடந்து போனால் பூட்டு திறக்கும், முடிச்சு நெகிழும். பரீட்சைத்தாள் இருந்த பீரோ அவள் பக்கத்தில் போனதும் தானாக வாயைத் திறந்தது. அதோடு அவளும் வெளியே.

ஊசியை விட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. பொத்தானுக்கு அம்மா இருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை கடை வாசல் வரைக்கும் வருவாள், படியேற மாட்டாள். "அந்தச் சூனியப் பீடை உன்னை விட்டுப் போகட்டும், அன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்" என்பாள். அவள் போனபிறகு பொத்தான் சாப்பிடமாட்டாள். ஊசி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அழட்டும் என்று விட்டுவிடுவாள்.

தங்கள் கைவேலை எங்கே குடியிருக்கிறது என்பதை இருவரும் சேர்ந்துதான் கண்டுபிடித்தார்கள். சரியாக உச்சி வெயிலில், நிழல் காலுக்கடியில் சுருண்டு ஒளிகிற அந்தச் சில நிமிஷம் மட்டும், ஊசிக்கு ஒட்ட வராது, பொத்தானுக்குத் திறக்க வராது. ஆகவே அது கையில் இல்லை, நிழலில் இருக்கிறது. அது தெரிந்த நாளில் இருவரும் சந்தோஷத்தில் மாடியில் ஆட்டம் போட்டார்கள். அன்றைக்கு நாலு மணிக்கு, நிழல் நீளமாக விழுந்தபோது, ஊசி தன் நிழல் ஓரத்தையும் பொத்தான் நிழல் ஓரத்தையும் சேர்த்து ஏழு தையல் போட்டாள். அதற்கப்புறம் வாரம் ஒருநாள் தைப்பதும், இருட்டுவதற்குள் பொத்தான் விரலால் தடவி அவிழ்ப்பதும் வழக்கமாகிவிட்டது. அதில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள், முடிச்சு மட்டும் போடக் கூடாது. நூலின் கடைசி முனை பொத்தான் கையில் சும்மா இருக்கும். பிடித்திருப்பதால் பிடித்திருக்கிறோம், கட்டிப்போட்டதால் இல்லை. அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள்.

நேற்றுத்தான் பொத்தான், "இன்னிக்கு முடிச்சுப் போடுடி" என்றாள்.

"எதுக்கு?"

"எப்பவும் பிரியாம இருக்கத்தான். உன் பக்கம் போடு. நல்லா இறுக்கி."

ஊசியிடம் யாரும் எப்பவும் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. ஒன்றுக்கு இரண்டாக, பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இப்போது, அக்காவின் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்த பிறகு, ஊசி மெதுவாக எழுந்து நின்று தரையைப் பார்த்தாள். அவள் காலிலிருந்து ஒல்லி நிழல் ஒன்று கிளம்பி அறையின் குறுக்கே நீண்டு கிடந்தது. அதன் இடுப்போரத்தில், ஏழு தையலில் தொங்கிக்கொண்டு, உருண்டையான இன்னொரு நிழல். அதற்குத் தலை இருந்தது, இரட்டைப் பின்னல் இருந்தது, பாவாடை விரிந்திருந்தது. பாவாடைக்குக் கீழே கால் இல்லை. ஓரம் பிசிறு பிசிறாக, தையல் பிரித்த துணி மாதிரி இருந்தது.

"பொத்தான்?" என்றாள் ஊசி, தரையைப் பார்த்தே.

கயிற்றில் தொங்கிய சட்டையிலிருந்து ஒரு பொத்தான் தெறித்துத் தரையில் விழுந்து உருண்டது. யாரும் அந்தச் சட்டையைத் தொடவில்லை.

அவள் படுக்கையறைக்கு ஓடினாள். இருவரும் படுக்கிற பாய்களில் ஒன்று சுருட்டி மூலையில் சாத்தியிருந்தது. ஆணியில் தொங்குகிற பொத்தானின் இரண்டு சட்டைகளையும் காணோம். படிக்கட்டில் ஏறும்போது தன் காலடி ஓசைக்குப் பின்னால், ஈரத்துணியைப் படிமேல் இழுப்பது போல ஒரு சத்தம் கூடவே ஏறி வந்தது. நின்றாள். அதுவும் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மாடியில் வெயிலில் கண் கூசியது. கொடியில் துணிகள் எப்போதோ காய்ந்து விறைத்திருந்தன. அவற்றுக்கு நடுவே பொத்தான் நின்றிருந்தாள். தலை வாரிப் பின்னி, முகம் கழுவி, கையில் ஒரு பை. மற்ற கையில் அக்காவின் கறுப்புக் குடை, மடக்கியபடி.

குடையின் நிழல் தரையில் விழுந்திருந்தது. கொடியின் நிழலும், துணிகளின் நிழலும் விழுந்திருந்தன. பொத்தான் நின்ற இடத்தில் வெறும் வெயில்.

"என்னடி பண்ணே?"

"அவிழ்த்துட்டேன்" என்றாள் பொத்தான். குரல் சாதாரணமாக இருந்தது. "காலடியில கொஞ்சம் கொஞ்சமா. காலையில ஆரம்பிச்சு இப்பத்தான் முடிஞ்சது. வலிக்கல. பீடை போயிடும்னு அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன், கூட்டிட்டுப் போக வரா."

"முடிச்சுப் போடச் சொன்னது இதுக்குத்தானா?"

பொத்தான் கொடியில் கிடந்த துணியின் சுருக்கத்தை விரலால் நீவினாள். "எங்கயாவது கட்டி வைக்கலேன்னா திரும்ப என்கிட்டயே வந்துடும். சுவரில கட்டிப் பார்த்தேன், நிக்கல. ஆள்தான் வேணும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ மாட்டேன்னு சொல்லியிருப்பே."

ஊசி அவள் முகத்தையே பார்த்தாள். இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது அந்த முகம், ஒரு மடிப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. நிழல் போனதால் இப்படி ஆகிவிட்டாளோ என்று ஒரு கணம் ஆறுதல் தேடியது மனசு. ஆனால் நேற்று நாலு மணிக்கு அவளிடம் நிழல் இருந்தது. முழுசாக இருந்தது. "எப்பவும் பிரியாம" என்று சொன்னது அந்த முழுப் பொத்தான்தான்.

"சரி, போ" என்றாள் ஊசி. கண்ணில் நீர் முட்டியது. "போறதுக்கு முன்னாடி இந்த முடிச்சை மட்டும் தொடு. உன் விரல்ல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். எனக்கு அவிழ்க்க வராதுடி, நான் தொட்டா இன்னும் இறுகும். அது... அது ஒரு மாதிரி இருக்கு. பயமா இருக்கு."

"தொட்டா என்மேல ஏறிக்கும்."

"அப்போ நான்?"

பொத்தான் தோளைக் குலுக்கினாள். "உன்னைக் கூட்டிட்டுப் போக யாரும் வரப் போறதில்லையே. உன்கிட்ட ஒண்ணு இருந்தா என்ன, ரெண்டு இருந்தா என்ன?"

கீழே தெருவில் ஆட்டோ வந்து நின்றது. "அம்மாடி!" என்று ஒரு பெண்குரல் கூப்பிட்டது. பொத்தான் குடையை விரித்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். போகிற வழியில் ஊசியைச் சுற்றி, அவள் காலடி நிழலை மிதிக்காமல், சுவரோடு ஒட்டி நடந்தாள்.

ஊசி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அம்மா பொத்தானின் கன்னத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அழுதாள். தெருவில் அம்மாவின் நிழல் ஒன்று. அதன் பக்கத்தில் குடையின் வட்ட நிழல், உள்ளே யாருமில்லாத வட்டம். ஒரே ஒரு கத்தல் போதும். குடையை மடக்கிப் பாருங்கம்மா, உங்க பொண்ணுக்கு நிழல் இல்லை. அம்மா கையை உதறிவிட்டு ஓடியிருப்பாள். பொத்தான் மறுபடியும் மாடியேறி வந்திருப்பாள்.

வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த அம்மாவின் கை பொத்தானின் பின்னலைச் சரி செய்துகொண்டிருந்தது. ஊசி வாயை மூடிக்கொண்டாள்.

ஆட்டோ போய்விட்டது.

கண்ணுங்களா, அழுது முடிக்கிற வரைக்கும்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கொடி அவிழ்ந்தது. காய்ந்த துணிகள் அத்தனையும் ஒன்றாகத் தரையில் சரிந்தன. துணிப்பிடிகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்து விழுந்தன. அவள் படிக்கட்டை நோக்கி ஓடினாள். மாடிக்கதவின் தாழ்ப்பாள் அவள் வருவதற்கு முன்பே தானாக விலகிக் கதவு திறந்து நின்றது.

பின்னறையில் வெயில் இன்னும் சாய்ந்திருந்தது. நிழல்கள் சுவரில் ஏறும் அளவுக்கு நீண்டிருந்தன. அவள் உள்ளே வந்ததும் உருண்டை நிழலும் சுவரில் ஏறி உட்கார்ந்தது. கயிற்றில் தொங்கிய சட்டைகளின் பக்கம் அதன் கை நீண்டது. முதல் சட்டையின் தோள் தையல் பிரிந்தது. பிறகு கை. பிறகு காலர். அவசரமே இல்லாமல், வரிசையாக, ஒரு சட்டையை முடித்துவிட்டு அடுத்த சட்டை. வெட்டின துணியாகவே அவை தரையில் விழுந்தன. அலமாரியில் அவள் ஒட்டிவைத்த கோப்பை இரண்டாகப் பிளந்தது. அவள் பின்னல் பிரிந்து முடி முகத்தில் விழுந்தது.

ஊசி பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். சுவரில் அந்த ஏழு தையலுக்கு நேராக வைத்து வெட்டினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. தையல் அப்படியே இருந்தது. மறுபடி வெட்டினாள். மறுபடியும் சுண்ணாம்புதான்.

உருண்டைத் தலை அவள் பக்கம் திரும்பியது.

"நீயே அவிழ்த்துக்கோ" என்று கெஞ்சினாள் ஊசி. "எல்லாத்தையும் அவிழ்க்கறியே. இந்த முடிச்சையும் அவிழ்த்துட்டுப் போயிடு. அவ பின்னாடியே போ."

குட்டை விரல்கள் முடிச்சின் மேல் வந்தன. தடவிப் பார்த்தன. பொத்தான் தடவுகிற மாதிரியே, மெதுவாக. பிறகு விலகிக்கொண்டன. அது முடிச்சை அவிழ்க்கவே இல்லை.

அதுவும் விட்டுவிட்டுப் போகப்பட்டதுதானே. அதற்குப் போக இடமில்லை. அதற்குக் கால் வேண்டும்.

நிழல் சுவரிலிருந்து இறங்கித் தரையில் படர்ந்து, ஊசியின் குதிகால் பக்கம் வந்தது.

முதலில் சில்லென்று இருந்தது. ஈரத் துணியை யாரோ தோலிலிருந்து உரிப்பது போல. குனிந்து பார்த்தாள். தன் ஒல்லி நிழல் குதிகாலோடு சேர்கிற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி. அதன் வழியே வெயில் தெரிந்தது.

தப்.

இடைவெளி பெரிதானது.

ஓட நினைத்தாள். வலது கால் நகரவில்லை. அது யாருடைய காலோ மாதிரி இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மேசையிலிருந்து ஊசியையும் நூற்கண்டையும் இழுத்து எடுத்தாள். நூலைக் கோத்து, தன் நிழலைத் தன் குதிகாலோடு சேர்த்துத் தைத்தாள். ஒரு தையல். இரண்டு. சில்லென்றது நின்றது. கால் தன்னுடையதானது. மூச்சு வந்தது.

தப். தப்.

இரண்டும் பிரிந்தன.

மறுபடி தைத்தாள். மறுபடி பிரிந்தது. அது வேகமாகச் செய்யவில்லை. கோபமாகவும் செய்யவில்லை. அவள் ஒரு தையல் போட்டு முடிக்கும் வரை காத்திருந்தது. முடித்ததும் விரலை வைத்தது. வாரம் ஒருநாள் மாடியில் விளையாடின விளையாட்டு போலவே. நீ தை, நான் அவிழ்க்கிறேன்.

சுவர்க் கடிகாரம் ஐந்தே முக்கால் காட்டியது. அக்கா வர ஏழாகும். கண்டில் பாதி நூல் இருந்தது. மற்ற கண்டுகள் முன்கடைப் பெட்டியில், பத்தடி தூரத்தில். எழுந்தால் தைக்க முடியாது. தைக்காவிட்டால் எழ முடியாது.

"அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். வாசல் கதவு அதற்குள் அகலத் திறந்து கிடந்தது. தெருவில் ஆட்கள் போனார்கள். ஒருவர் எட்டிப் பார்த்தார். சூனியக்காரப் பெண் தரையில் உட்கார்ந்து தன் காலில் ஏதோ தைக்கிறாள். அவர் வேகமாக நடையைக் கட்டினார்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. அறை சாம்பல் நிறமானது. நிழல்களின் ஓரம் கரைந்தது. எங்கே தன்னுடையது முடிகிறது, எங்கே அது தொடங்குகிறது, தெரியவில்லை. கை எட்டும் தூரத்தில் விளக்கின் சுவிட்ச் இல்லை. இனி தடவித்தான் தைக்க வேண்டும்.

ஒரு தையல்.

தப்.

விரலில் ஊசி ஏறியது. ரத்தம் பிசுபிசுத்தது. அவள் நிறுத்தவில்லை. கண்டு விரல்களுக்கு இடையே சுற்றிச் சுற்றி மெலிந்தது. நூலுக்கு உள்ளிருந்த அட்டை கையில் தட்டுப்பட்டது.

ஒரு தையல்.

தப்.

அப்போது அவள் தோளில் ஏதோ சாய்ந்தது. கனமே இல்லாமல். குளிர்ச்சியாக. தலை வைத்துப் படுக்கிற மாதிரி. பிரியமாக.

ஒரு தையல்.

தப்.

அவ்வளவுதான், கண்ணுங்களா. விளக்கைப் பெரிசாக்கிக்கொள்ளுங்க, யார் கையை யார் பிடித்திருக்கிறீர்களோ விடாதீங்க. உங்க வீட்டு வாசல் வேண்டியவர்களுக்கு மட்டும் திறக்கட்டும். உங்க பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக எப்போதும் ஓர் ஆள் வரட்டும். அவரவர் காலடியில் அவரவர் நிழல் மட்டும் படுத்துத் தூங்கட்டும். உங்க குடும்பம் நூலும் துணியுமாய் நல்லா இருக்கட்டும்.